வலியில்லாத கட்டியும் முதல் கத்தியும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது பரந்து கிடக்கும் உப்பளங்களைக் காணத் தவறுவதில்லை. சதுரம் சதுரமாக வரப்புக் கட்டிய பாத்திகளில் உப்புநீர் வெயிலில் காய்ந்து வெள்ளையாய்ப் பூத்து நிற்பதும், வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் கதிரொளியில் மின்னுவதும் கண்ணுக்கு இனிய காட்சியே. ஆயினும் அக்காட்சிக்குப் பின்னே நின்று உழைக்கும் உடல்களை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

உப்பளத்தில் உழைப்போரின் உடம்பே அவர்களுடைய தொழிலின் வரலாறு. உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடித்திருக்கும். பலகை பிடித்த உள்ளங்கைகள் காய்த்துப்போயிருக்கும். மூட்டை சுமந்த தோள்கள் தடித்திருக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படித் தேய்ந்தும் காய்த்தும் போன உடம்பில் புதிதாக ஒரு முண்டு தோன்றினால் அதனைப் பொருட்படுத்துவோர் யார்? “சுமை அழுத்திய தழும்பு” என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் வழக்கம்போல் அளத்துக்குப் போய்விடுவார்கள். வலியிருந்தாலாவது ஒருநாள் ஓய்ந்து படுப்பார்கள். வலியே இல்லாத கட்டிக்காக ஒருநாள் கூலியை இழக்க எவருக்கு மனம் வரும்?

எங்கள் குடும்பத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. அதையும், அதனையொட்டி மருத்துவர்களிடம் கேட்டு நாங்கள் அறிந்துகொண்டவற்றையும் பங்குக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையில் இங்கே எழுதுகிறோம். இது அரிதான நோய். எனவே இதை வாசிப்போரில் பெரும்பாலோர்க்கு இது நேரப்போவதில்லை. ஆனால் அரிதான நோய் என்பதாலேயே அதனை இன்னதென்று கண்டுகொள்வோரும் அரிதாக இருக்கின்றனர். அதுவே இந்நோயின் முதல் துன்பம்.

தழும்பென்று எண்ணப்பட்டது

உடன்பிறந்தோர் நால்வரில் உப்பளத் தொழிலில் நிலைத்துவிட்டவர் எங்கள் தம்பி ஒருவரே. அவருக்கு முப்பத்திரண்டு வயது நடந்தபோது, 2018ஆம் ஆண்டில், இடத் தோளின் பின்புறம் ஒரு காசளவில் தோல் தடித்து, சற்றே செங்கபில நிறம் கொண்டது. தொட்டால் ரப்பரைப் போல் உறுதியாயிருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, சீழில்லை. மூட்டை உராயும் இடமாதலால் எவரும் அதனை நோயென்று கருதவில்லை. எங்கள் அன்னை பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார். அக்கம்பக்கத்தார் கழலை என்றனர். சூடு போட்டால் அமுங்கிவிடும் என்று சொன்னவரும் உண்டு. நல்லவேளையாக அதற்குத் தம்பி இணங்கவில்லை.

நான்கு ஆண்டுகள் அது இருந்த இடம் தெரியாமல் இருந்தது. பிறகு, தடித்த தோலின் நடுவே ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மேடிட்டது. சட்டை போடும்போது இடறவே, 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அளத்தில் வேலை நின்றிருந்த நாட்களில், ஒரு சிறிய மருத்துவமனைக்குச் சென்றார். கொழுப்புக்கட்டி என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி போட்டு, அரைமணி நேரத்தில் அறுத்தெடுத்துத் தையலிட்டு அனுப்பிவிட்டனர். எடுத்த சதை ஆய்வுக்கு அனுப்பப்படவில்லை. அந்த இடத்தின் பெயரைச் சொல்லிப் பழிகூறுவது எங்கள் நோக்கமன்று. இத்தகைய கட்டியைப் பல மருத்துவர்கள் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காண்பதில்லை.

பத்துத் திங்கள் கழிந்தன. ஆறிய தையல் தழும்பின் இரு முனைகளிலும் இரண்டு முண்டுகள் எழும்பின. முன்னர் ஒன்றாயிருந்தது இப்போது இரண்டாயிற்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பார்த்த மருத்துவர் விரல்களால் மெல்லப் பிடித்து அசைத்தார். “கொழுப்புக்கட்டியாயிருந்தால் தோலுக்கு அடியில் நழுவும். இது தோலோடு ஒட்டிக்கொண்டு தோலையும் சேர்த்து இழுக்கிறது. அதோடு, அறுத்த இடத்திலேயே திரும்பியும் வந்திருக்கிறது. ஐயா, இதனை இங்கே எவரும் தொடக்கூடாது. புதுச்சேரி ஜிப்மருக்குப் போங்கள்” என்றார்.

அவ்வொரு நிமிட நேரத் தொடுதலே எங்கள் தம்பியின் வாழ்க்கையை வேறு வழியில் திருப்பியது என்று நாங்கள் இன்றும் நம்புகிறோம்.

அறுகம்புல்லின் வேர்

ஜிப்மர் மருத்துவமனை எங்களுக்கு அயலான இடமன்று. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியை மூலமாகக் கொண்டு, 1964இல் இன்றைய பெயர் பெற்ற அந்நிறுவனத்தை நாடித் தென்னார்க்காட்டுக் கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வருகின்றனர். அங்கே முதலில் படம் எடுத்தனர். பின்பு பருத்த ஊசியொன்றால் கட்டியிலிருந்து குச்சி போன்ற மெல்லிய சதைத் துணுக்குகளை எடுத்தனர். அத்துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆய்ந்தும், சிடி 34 என்னும் அடையாளச் சோதனை செய்தும் நோயின் பெயரைக் கண்டறிந்தனர்.

அப்பெயர் நீளமானது. டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்யூபரன்ஸ் என்பர். தோலின் உள்ளடுக்கில் தோன்றி, நாரிழைத் திசுவாய் வளர்ந்து, வெளியே புடைத்து நிற்கும் புற்றுக்கட்டி என்பது அதன் பொருள். டேரியர், ஃபெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் 1924இல் இதனை விவரித்தனர். மறு ஆண்டு ஹாஃப்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இப்பெயரைச் சூட்டினார். ஓராண்டில் பத்து இலட்சம் பேரில் ஒரு சிலர்க்கே இது வருகிறது. பெரும்பாலும் இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு, மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில் தோன்றுகிறது.

இந்நோயின் இயல்பை எங்களுக்கு விளக்க முற்பட்ட மருத்துவர், அறுகம்புல்லைச் சுட்டிக்காட்டினார். வரப்பில் முளைத்த அறுகைக் கத்தியால் மேலாகச் சீவினால் அன்றைக்கு வரப்பு சுத்தமாய்த் தோன்றும். ஆனால் மண்ணுக்கடியில் நாலாபுறமும் ஓடிய வேர் அப்படியே இருக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடியும் தழைக்கும். இக்கட்டியும் அத்தகையதே. கண்ணுக்குத் தெரிவது மேடு மட்டும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் தோலுக்கடியில் விரல்களைப் போல் நீண்டு கிடக்கின்றன. மேட்டை மட்டும் தோண்டியெடுத்தால் இழைகள் தங்கிவிடும். அதனாலேயே சிறிய அறுவைக்குப் பின் இது அடிக்கடி திரும்பி வருகிறது.

இதில் ஆறுதலும் உண்டு. உடலின் பிற உறுப்புகளுக்கு இது பரவுவது அரிது. நூற்றுவரில் ஐவருக்கும் குறைவானவர்களிடமே அவ்வாறு நிகழ்கிறது. ஆனால் விட்டுவிட்டால், அல்லது திரும்பத் திரும்ப அரைகுறையாய் அறுத்தால், ஆழத்திலுள்ள தசைக்குள்ளும் எலும்பருகிலும் அது புகும். சிலரிடம் கட்டியின் ஒரு பகுதி மூர்க்கமான வேறொரு வகையாய் மாறவும் கூடும். அவ்வாறு மாறியுள்ளதா என்று ஆய்வகத்தார் குறிப்பாகத் தேடிப் பார்க்கின்றனர்.

எல்லாக் கட்டியும் புற்றன்று

இதுவரை வாசித்தவர்களில் சிலர் இந்நேரம் தம் கையையும் கழுத்தையும் தடவிப் பார்க்கத் தொடங்கியிருப்பர். அவர்கள் அச்சம் தணியும் பொருட்டு ஒன்றை உறுதியாகச் சொல்வோம். தோலுக்கடியில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. மென்திசுக்களில் தோன்றும் கட்டிகளை எண்ணிப் பார்த்தால், தீங்கற்றவை நூறு இருக்கும் இடத்தில் புற்று ஒன்று இருந்தால் மிகுதி என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

மிருதுவாய், விரலுக்கு நழுவுவதாய், பல்லாண்டுகளாய் அதே அளவில் இருப்பது பெரும்பாலும் கொழுப்புக்கட்டி. நடுவில் கரும்புள்ளி போன்ற ஒரு துளை தெரிந்து, அமுக்கினால் மாவு போன்ற பொருள் வெளிவருவது தோலில் தோன்றும் பைக்கட்டி. மணிக்கட்டின் மேல் பளபளப்பாய் உருண்டு நிற்பது, மூட்டுகளை அடுத்துத் தோன்றும் நீர்க்கட்டி. உடம்பெங்கும் மிருதுவான சிறு முண்டுகளும் காப்பி நிறத் திட்டுகளும் கொண்டவர்கள் சிலரைக் காண்கிறோமல்லவா? அது நரம்புறைகளைப் பற்றிய பரம்பரை நோய். 1882இல் ரெக்லிங்ஹௌசன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை விரிவாக எழுதினார். அவர்களுடைய முண்டுகளும் பெரும்பாலும் தீங்கற்றவையே. எனினும் அவற்றுள் ஏதேனும் ஒன்று திடீரென்று பருத்தாலோ, கடுத்தாலோ காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய், நார் ஆகிய மென்திசுக்களில் தோன்றும் புற்றைச் சார்கோமா என்று அழைப்பர். வயது வந்தோர்க்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவே இவை. ஆயினும் இவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. எங்கள் தம்பிக்கு வந்தது அவற்றுள் மெதுவானது. வேறு சில விரைந்து வளர்ந்து நுரையீரலுக்குப் பரவக்கூடியவை. ஆகவேதான், கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஒன்றுமில்லை” என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது.

எந்தக் கட்டியைக் காட்ட வேண்டும்?

மருத்துவர்கள் எங்களுக்குக் கூறிய அடையாளங்களை எளிய சொற்களில் தருகிறோம். 5 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது நல்ல பருத்த எலுமிச்சம்பழத்தின் அளவுக்கு மேல், வளர்ந்த கட்டி. சிறிதாயிருந்தாலும் மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே வரும் கட்டி. தோலுக்கு நெடுந்தொலைவு கீழே, தசையோடு ஒட்டி அசையாமல் நிற்கும் கட்டி. காரணமின்றி வலிக்கத் தொடங்கிய கட்டி. ஒருமுறை அறுத்தெடுத்த இடத்திலேயே மீண்டும் எழும்பிய கட்டி. இவற்றோடு, அடிபடாமலும் புண்படாமலும் தோன்றிய தழும்பு போன்ற தடிப்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல அகன்று தடித்து மேடிட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் பெரிய மருத்துவமனையில் காட்டுவது கடமை.

வலி இல்லை என்பது நலத்துக்குச் சான்றன்று. இதனை எங்கள் கடற்கரை மக்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இவ்வகைக் கட்டிகள் பலவும் நெடுங்காலம் வலியின்றியே வளர்கின்றன. வலி வந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பவர், கட்டி நரம்பை அழுத்தும் வரையில் காத்திருக்கிறார் என்றே பொருள்.

மார்பகப் புற்றுக்காக அறுவை செய்துகொண்டு, அதன் பின் பல்லாண்டுகள் கை வீங்கியே இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். அவ்வீக்கத்தின் மேல் கருநீலத் திட்டோ முண்டோ புதிதாய்த் தோன்றினால், அடிபட்ட கன்றல் என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும். அரிதாக அங்கே இரத்தக்குழாய்ச் சார்கோமா தோன்றுவதை 1948இலேயே ஸ்டூவர்ட், டிரீவ்ஸ் என்னும் மருத்துவர்கள் கண்டு எழுதினர்.

உப்பினால் இது வந்ததோ, வெயிலினால் வந்ததோ, மூட்டை சுமந்ததனால் வந்ததோ என்று எங்கள் தம்பி மனைவி பலமுறை கேட்டார். அப்படிச் சொல்லச் சான்று ஏதும் இல்லை என்றே மருத்துவர்கள் பதிலிறுத்தனர். உயிரணுக்களில் 17ஆம் நிறப்புரியும் 22ஆம் நிறப்புரியும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால், வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதுதான் இக்கட்டியின் மூலம். இது பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குப் போவதுமன்று. ஒட்டுநோயுமன்று. அவர் உண்ட தட்டைத் தனியே வைக்க வேண்டியதில்லை.

முதல் கத்தியே முடிவு செய்கிறது

நாங்கள் கற்ற பாடங்களுள் தலையாயது இதுவே. ஐயத்துக்குரிய கட்டியின் மேல் முதன்முதலாகப் படும் கத்தி, அதன் பிறகு நடப்பவை அனைத்தையும் பெரிதும் முடிவு செய்துவிடுகிறது.

இன்ன நோய் என்று அறியாமல் அறுக்கும்போது கட்டியின் உறை கிழியலாம். உயிரணுக்கள் சுற்றுப்புறத்தில் சிதறலாம். இரத்தம் கசிந்து அவற்றைப் பக்கங்களுக்கு இழுத்துச் செல்லலாம். பின்னர் வரும் அறுவை வல்லுநர், முதலில் அறுத்த பரப்பு முழுவதையும் நோயுற்ற இடமாகவே கருதி, தேவையானதைவிட அகலமாக எடுக்க வேண்டியதாகிறது. எங்கள் தம்பிக்கு நேர்ந்ததும் அதுவே. முதலிலேயே சரியாகக் கண்டறிந்திருந்தால் உள்ளங்கையளவோடு முடிந்திருக்கக்கூடிய அறுவை, அகலக் கைவிரித்த அளவுக்கு நீண்டது.

ஆகவே வரிசை இவ்வாறு அமைய வேண்டும். முதலில் கையால் சோதனை. அடுத்து, கட்டி எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முதலிய படங்கள். அதன் பின்பு ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி. அந்த ஊசி எந்த வழியே நுழைய வேண்டும் என்பதையும் அறுவை செய்யப்போகும் மருத்துவரே குறிப்பிட வேண்டும். ஏனெனில் ஊசி சென்ற பாதையும் பிறகு கட்டியோடு சேர்த்து எடுக்கப்படும். துணுக்கின் முடிவு வந்த பின்னர் அறுவை மருத்துவர், ஆய்வக மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து மருத்துவர் ஆகியோர் ஒருங்கே அமர்ந்து வழி வகுக்கின்றனர். இவையெல்லாம் முடிந்த பிறகே கத்தி.

“ஊசி குத்தினால் புற்று பரவிவிடும், கத்தி பட்டால் கொழுந்துவிட்டு எரியும்” என்னும் பேச்சு நம் ஊர்களில் மிகுதி. எங்கள் இல்லத்திலும் அப்பேச்சு எழுந்தது. வகையறிந்து குத்தும் ஊசியால் அத்தகைய ஆபத்து மிகமிகக் குறைவு. உண்மையில் அஞ்சத்தக்கது, நோய் இன்னதென்று அறியாமல் அவசரமாய் அறுக்கும் கத்தியே.

இன்னொன்றும் உண்டு. எந்த மருத்துவமனையில் எந்தக் கட்டியை எடுத்தாலும், எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நாம் கேட்க வேண்டும். அதற்காகும் செலவு அறுவைச் செலவின் ஒரு சிறு பங்கே. அந்த அறிக்கைத் தாளைக் குடும்ப அட்டையோடும் நிலப் பத்திரத்தோடும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் அதனை வரவேற்கவே செய்வார்.

கையை எடுத்துவிடுவார்களா?

நோயின் பெயரைக் கேட்டபோது தம்பி கேட்ட ஒரே கேள்வி, “கையை எடுத்துவிடுவார்களா?” என்பதுதான். உயிரைப்பற்றி அவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பலகை பிடித்து உப்பு வாரிப் பிழைக்கும் ஒருவருக்குக் கை போவதும் உயிர் போவதும் ஏறக்குறைய ஒன்றே. அன்றிரவு அவர் மனைவி உண்ணவில்லை. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள், “நான் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன்” என்றாள்.

அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரு காலத்தில் கைகால்களில் ஆழமான சார்கோமா கண்டால் அவ்வுறுப்பைத் துண்டிப்பதே வழக்கமாயிருந்தது. 1982இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ரோசன்பர்க் என்னும் அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் 43 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு உறுப்பு துண்டிக்கப்பட்டது. மற்றொரு சாராருக்குக் கட்டியை மட்டும் அகலமாக எடுத்து, கதிர்வீச்சுச் சிகிச்சை தரப்பட்டது. உயிர் பிழைத்திருந்தோர் கணக்கில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதன் பிறகு உறுப்பைக் காக்கும் அறுவையே உலகெங்கும் பொதுவழியாயிற்று. இன்று மிகச் சிலருக்கே கையோ காலோ எடுக்கப்படுகிறது.

தம்பிக்கு 2024 ஜனவரியில் அறுவை நடந்தது. தழும்பையும் முண்டுகளையும், அவற்றைச் சுற்றி 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை நலமான தோலையும், அடியிலிருந்த தசையுறையையும் சேர்த்து எடுத்தனர். தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து அவ்விடத்தை மூடினர். எடுத்த சதையின் ஓரங்கள் அனைத்தும் நோயற்றவையாய் உள்ளன என்று ஆய்வகம் சொன்ன நாளில்தான் எங்கள் அன்னை வாய்விட்டு அழுதார். அதுவரை அவர் அழுததை நாங்கள் காணவில்லை.

அறுவையால் முழுவதும் எடுக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கு இமாட்டினிப் என்னும் மாத்திரையும் உண்டு. முதலில் ஒருவகை இரத்தப் புற்றுக்காக வந்த அம்மருந்து, ஓயாமல் ஒலிக்கும் அந்த வளர்ச்சிக் கட்டளையைத் தடுப்பதால், 2006இல் அமெரிக்காவில் இந்நோய்க்கும் ஒப்புதல் பெற்றது. அதன் வரலாறு நம் மாநிலத்தோடும் தொடர்புடையது. அம்மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தையும் கடந்து சென்ற அவ்விவகாரத்தில், 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. மாதம் இலட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்தை, இந்திய நிறுவனங்கள் அதில் பத்திலொரு பங்கு விலைக்குத் தயாரித்து விற்க அதனால் வழி நிலைத்தது. எளியவர் ஒருவரின் மருந்துச் சீட்டுக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு நிற்கிறது, பாருங்கள்!

கூலியும் காலமும்

நோயைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. உப்பளத்தில் கோடையே அறுவடைக் காலம். ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர் செய்தால், வடகிழக்குப் பருவமழை வரும் வரையில் வேலை. அம்மாதங்களில் ஈட்டுவதை வைத்தே மழை மாதங்களைக் கழிக்க வேண்டும். அதனால், “மழை வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பது எங்கள் பகுதியில் எல்லா நோய்க்கும் சொல்லப்படும் பதில். தம்பிக்கு அறுவை நாள் குறிக்கப்பட்டதும் பாத்தி கட்டும் பருவத்தில்தான். தள்ளிப்போடலாமா என்று அவர் கேட்டார். வீட்டார் அனைவரும் அமர்ந்து பேசினோம். அவ்வாண்டு அவர் இழக்கும் கூலியை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்வதென்றும், மகள் படிப்பைத் தொடர்வதென்றும் முடிவாயிற்று. நோயாளிக்குச் சொல்லப்படும் ஆறுதல் மொழிகளைவிட, “அரிசி நாங்கள் போடுகிறோம், நீ போய்ப் படு” என்னும் ஒரு சொல் வலியது என்பதை அன்று கண்டோம்.

செலவைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. புற்றுநோய் அறுவையும் அதில் அடங்கும். நோய் வந்த பிறகு அட்டைக்காக அலைவதைவிட, நலமாயிருக்கும்போதே பதிந்து வைத்தல் நன்று. செல்லும் மருத்துவமனை அத்திட்டத்தில் சேர்ந்ததா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் இருப்பதையும் மறவாதீர்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், அத்துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இல்லம் அது.

வேண்டுதலும் மருத்துவமும்

எங்கள் பங்கு மக்கள் தம்பிக்காகச் செபித்தார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, அது நிறைவேறும் வரையில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளி வைக்கலாமே என்றும் சிலர் அன்போடு கூறினர். புற்றுநோயாளருக்குப் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித பெரகிரின் வரலாற்றை எங்கள் பங்குத்தந்தை அப்போது நினைவுபடுத்தினார். 1345இல் இறந்த அப்புனிதருக்குக் காலில் புற்று கண்டது. காலை எடுப்பதற்கு முந்திய இரவில் அவர் சிலுவையின் முன் வேண்ட, நலம் பெற்றார் என்பது மரபு. “அவர் வேண்டியது உண்மை. ஆனால் மருத்துவரை வரச் சொல்லி நாள் குறித்த பிறகே வேண்டினார் என்பதையும் மறவாதீர்கள்” என்றார் பங்குத்தந்தை. அதற்கு மேல் எவரும் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. இக்கட்டி திரும்பி வருமானால் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளுக்குள் வரும். அதற்குப் பின்னும் வரக்கூடும். ஆதலால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வர வேண்டும் என்று மருத்துவர்கள் பணித்துள்ளனர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. வரப்பும் பாத்தியும் இன்னதென்று தெரியாமல் கிடந்த அந்த வாரங்களில்தான் தம்பியின் மறு சோதனை நாளும் வந்தது. போட்டது போட்டபடி கிடக்க, அவர் பேருந்து ஏறிச் சென்று காட்டிவிட்டு வந்த பிறகே மண்வெட்டியைத் தொட்டார். வரப்பை மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

இன்று அவர் மூட்டை தூக்குவதில்லை. ஒட்டிய தோல் பாரம் தாங்காது. உப்பு வாருகிறார், நீர் கட்டுகிறார். கூலி சற்றுக் குறைவு. இடக் கை முன்போல் தலைக்கு மேல் எழாது. ஆனால் கை இருக்கிறது, வேலை இருக்கிறது. மகள் மேல்நிலைப் பள்ளியை முடித்துவிட்டாள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்களில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகும் தோளின் பின்புறமும் தன் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றை மனைவிக்குக் கணவனும், கணவனுக்கு மனைவியும், முதியோர்க்கு மக்களுமே பார்த்துச் சொல்ல வேண்டும். புதிய தடிப்பு கண்டால் அதன் அளவையும் தேதியையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். மூன்று திங்கள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். வளர்ந்திருந்தால், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கத்தியை எடுக்குமுன் இது இன்னதென்று தெரிந்துவிட்டதா என்று பணிவோடு கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உழைப்பாளியின் கையைக் காக்கும்.